இசக்கியைக் கொன்ற கணக்கு

எங்கள் டிராயிங் ஆபீஸில் சரிபார்ப்பவரின் மேசையில் மூன்று நிறப் பென்சில்கள் இருக்கும். சரியாக இருக்கிற அளவின்மேல் மஞ்சள் கோடு இழுக்க வேண்டும். தவறின்மேல் சிவப்பு. திருத்தி வந்த பிறகு மறுபடியும் பார்த்தாயிற்று என்பதற்கு நீலம். சிவப்புப் பென்சில்தான் சீக்கிரம் தேயும். அப்படித் தேய்ந்து, விரலிடுக்கில் நிற்காத நீளத்துக்கு வந்துவிட்ட ஒரு சிவப்புப் பென்சிலால் நான் ஒரு நாவலின் கடைசி அத்தியாயத்தைத் திருத்தினேன். அதில் ஒரு பெண் செத்துப்போனாள். கதையில்தான். ஆனாலும் ஐந்து வருடங்களாக அந்தச் சாவு என் பொறுப்பில் இருக்கிறது.

நாவலை எழுதியவள் எங்கள் ஆபீஸில் டிரேசராக இருந்த அக்கா. செம்பூரில், வாயுவும் நீராவியும் அடைத்துவைக்கிற பெரிய இரும்புத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலை அது. டிப்ளமா முடித்து நான் அங்கே சேர்ந்தபோது டிராயிங் ஆபீஸில் இருபத்திரண்டு ஆண்கள், அக்கா ஒருத்தி, பிறகு நான். டிராப்ட்ஸ்மேன் பென்சிலில் வரைந்து தருவார். டிரேசர் அதன்மேல் மெழுகேற்றிய துணியை விரித்து, அடியில் தெரிகிற ஒவ்வொரு கோட்டையும் மையால் இழுப்பார். அந்தத் துணியிலிருந்துதான் நீலப் பிரதிகள் எடுப்பார்கள். டிரேசர் கோட்டை மாற்றக் கூடாது. அடியில் இருக்கிற கோடு தவறென்று கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்படியேதான் இழுக்க வேண்டும். படத்தின் வலது மூலையில் ஒரு கட்டம் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். டிரேசருக்கு அதில் இடமில்லை. நாவல் எழுதிய காலத்தில் அக்கா பதினோரு வருடமாகக் கையெழுத்துப் போடாமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது இருக்கலாம். தாராவியில் குடியிருப்பு, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அதிகாலையில் குழாயடியில் வரிசை, பிறகு ஏழு பேருக்குச் சமையல், ரயில், எட்டு மணி நேரம் மேசையருகே நின்றபடி மை இழுப்பது, ரயில், மறுபடியும் சமையல். இதற்கு நடுவில் எங்கே எழுதினாள் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். மதிய உணவுக்கு விடும் முக்கால் மணியில் எழுதினாள். கெட்டுப்போன நீலப் பிரதிகளின் பின்பக்கத்தில், டூ எச் பென்சிலால், எறும்பு எழுத்தில் எழுதினாள். தவறு வந்தால் தாளைக் கிழிக்க மாட்டாள். ரப்பரால் அழித்து அதே இடத்தில் எழுதுவாள். அது தொழில் பழக்கம்.

அந்த நாவலின் பெயர் ‘ஒன்பது நாள் மூச்சு’. அது வெளிவந்தது ஒரு கையெழுத்துப் பத்திரிகையில். மாட்டுங்காவில் எங்கள் தெருவிலிருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் அதை நடத்தினார். அவரை எல்லோரும் ஆசிரியர் மாமா என்போம். மாதம் ஒரு இதழ், ஒரே ஒரு பிரதி. அட்டை வைத்துத் தைத்த அந்தப் பிரதி மாட்டுங்கா, தாதர், செம்பூர், தாராவி, மான்குர்த் என்று இருபத்திரண்டு வீடுகளுக்குப் பட்டியல்படி போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் மாலைக்குள் அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் சில வெற்றுத் தாள்கள் வைத்திருப்பார். படித்தவர்கள் அதில் கருத்து எழுதுவார்கள். என் எழுத்து படத்துக்கு எழுதிப் பழகிய எழுத்து என்பதால் இதழ் முழுவதையும் மையால் பிரதி எழுதுகிற வேலை என்னுடையது. அக்காவின் கதையை மாமாவிடம் கொண்டுபோனதும் நான்தான்.

கதையில் செவ்வாய்க்குப் போய்த் திரும்புகிற ஒரு கலம். அதில் ஐந்து பேர். நான்கு ஆண்கள், தலைமை ஒரு பெண். அவள் பெயர் இசக்கி.

“கேப்டனுக்கு இசக்கின்னா பேரு வப்பா?” என்றார் மாமா. “நன்னா ஒரு நளினி, ரோகிணின்னு மாத்தச் சொல்லேன்.”

அக்காவிடம் சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “ரோகிணிக்கு ஸ்பேனர் பிடிக்க வராதுன்னு சொல்லு.”

பெயர் மாறவில்லை. இசக்கிக்கு நாற்பது வயது. குள்ளம். சிரிப்பது குறைவு. கலத்தின் ஒவ்வொரு குழாயும் வால்வும் அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அவை எல்லாம் அக்கா துணியில் இழுத்த குழாய்கள், வால்வுகள். ஐந்தாம் அத்தியாயத்தில் காற்றுத் தொட்டியின் மூடியோரம் காற்றுக் கசிகிறது. இளைய அதிகாரி, நான் போகிறேன், நீங்கள் உள்ளே இருங்கள் என்கிறான். இசக்கி அவனை மேலும் கீழும் பார்த்து, போல்ட்டை எந்த வரிசையில் முறுக்குவாய் என்று கேட்கிறாள். அவன், ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிவருவேன் என்கிறான். “மூடி கோணிக்கொள்ளும். எதிரெதிராக முறுக்க வேண்டும். நீ விளக்கைப் பிடி” என்று அவள் போகிறாள். அந்த இதழ் சுற்றி வந்தபோது வெற்றுத் தாள்களில் பெண்கள் எழுதியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. “நம்மவர் விளக்குப் பிடிக்கவும் வரமாட்டார்” என்று ஒரு செம்பூர் மாமி. “இசக்கியை எங்கள் வீட்டு ஸ்டவ்வைப் பார்க்க அனுப்பவும்” என்று இன்னொருத்தி. அந்த நாட்களில்தான் ரஷ்யப் பெண் ஒருத்தி வானத்தில் பூமியைச் சுற்றிவந்த செய்தி வந்தது. அக்கா முந்திக்கொண்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. அவள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: “திரும்பி வந்துட்டாளா?”

அதுதான் அக்காவின் கவலை. கதை தொடங்கும்போதே சொன்னாள்: “இவ திரும்பி வரணும் பிள்ள. நான் கேட்ட கதையில எல்லாம் பெரிய காரியம் பண்ணின பொம்பள ஒண்ணு தீயில விழுதா, இல்ல சாமியாயிருதா. இவ வேலைய முடிச்சிட்டு வந்து, கால நீட்டிப் படுக்கணும். அவ்வளவுதான் என் கத.” முதலில் எழுதிய முடிவும் அதுதான். பூமிக்கு ஒன்பது நாள் தூரம் இருக்கும்போது ஒரு காற்றுத் தொட்டி வெடித்துவிடுகிறது. மீதிக் காற்றை வைத்து இசக்கி ஐந்து பேரையும் கொண்டுவந்து சேர்க்கிறாள். கலம் கடலில் இறங்கியதும் நான்கு ஆண்களும் விழித்திருக்க, அவள் படுத்துத் தூங்குகிறாள். கடைசி வரியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இளைய அதிகாரி வாயில் விரல் வைத்து அவர்களை நிறுத்துகிறான்.

அதைப் படித்தபோது எனக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் சரிபார்ப்பவளாகப் பழகிக்கொண்டிருந்தேன். மிஞ்சிய தொட்டியில் இருந்த காற்று முப்பத்தாறு பங்கு என்று அக்கா எழுதியிருந்தாள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பங்கு. ஐந்து பேருக்கு ஏழு நாள்தான் வரும். நான்கு பேரானால் சரியாக ஒன்பது நாள். சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த இடத்தைச் சுழித்து, ஓரத்தில் எழுதினேன்: ‘ஐந்து பேருக்குப் போதாது. நால்வருக்கே போதும்.’

அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரிகூட இருந்தது. அன்று மாலை இதழைக் கொடுத்தாக வேண்டும், அவளுக்கு மேசையில் இரண்டு பெரிய படங்கள் பாக்கி. தலைமை டிராப்ட்ஸ்மேன் வேறு கதவருகில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நால்வருக்கேன்னா, ஒருத்தரு இறங்கணும்,” என்றாள்.

“கணக்கு அப்படித்தான் வரதுக்கா.”

“இறங்குனா அவதான இறங்குவா. மத்தவன அனுப்பிட்டு அவ இருந்தா அது இசக்கியா?”

ரப்பரை எடுத்தாள். கடைசி ஒன்றரைப் பக்கத்தை அழித்தாள். அதே இடத்தில், இசக்கி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனதை எட்டு வரியில் எழுதித் தந்தாள். நான் அன்று மாலை அதை மையால் எழுதினேன். என் எழுத்து மிகவும் நன்றாக அமைந்த பக்கங்களில் அது ஒன்று.

இதழ் கிளம்பியது. சில நாளிலேயே தெரு முழுக்க அதே பேச்சு. ஆசிரியர் மாமா என்னை வழியில் நிறுத்தி, தன் வீட்டில் எல்லோரும் அழுததாகச் சொன்னார். எட்டாவது வீடு எங்களுடையது. என் கைக்கு வந்தபோது வெற்றுத் தாள்கள் நிரம்பத் தொடங்கியிருந்தன. உத்தமி என்று எழுதியிருந்தார்கள். தியாகச் சுடர் என்று எழுதியிருந்தார்கள். ‘இசக்கி என்றால் ஏதோ பேய்ப் பெயர் என்று நினைத்தேன், இல்லை, தெய்வப் பெயர்தான்’ என்று ஒருவர். நான் அவற்றைப் படித்து மனதில் வைத்துக்கொண்டு அக்காவிடம் சாப்பாட்டு வேளையில் ஒப்பித்தேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“ஸ்டவ்வு பாக்கக் கூப்பிட்டாளே, அவ என்ன எழுதியிருக்கா?”

“அவா வீட்டுக்கு இன்னும் போகலை.”

“அவளும் உத்தமின்னுதான் எழுதுவா. ஒருத்தி செத்தாத்தான் கும்பிடத் தோணுது இவளுவளுக்கு,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அதன் பிறகு மதிய வேளைகளில் அவள் எழுதவில்லை. மேசையில் கையை மடித்துத் தலையை வைத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை அரை நாள். வேலை முடிந்ததும், ரொட்டியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு நான் முதல் தடவையாக அவள் வீட்டுக்குப் போனேன். மாட்டுங்காவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நான்கு வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்டும் போனதில்லை என்பதை இங்கே எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரே அறை, கோலி என்பார்கள் அங்கே. பத்தடிக்குப் பத்தடிகூட இராது. வாசலில் அவள் மகள் என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள். உள்ளே வெட்டவெளிச்சமான மத்தியானத்தில் மூன்று ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று பாய். சுவரோரம் ஒருவர் உட்கார்ந்து சத்தமில்லாமல் சட்டைக்குப் பொத்தான் தைத்தார். அவர்தான் அக்காவின் கணவர். மற்றவர்கள் அவர் தம்பிகள் இருவரும், ஊர்க்காரர்கள் இருவரும். எல்லோருக்கும் மில்லில் வேறு வேறு ஷிப்டு. நான் நின்றுகொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து ஐந்தாவது ஆள் வந்தார். செருப்பைக் கழற்றி, படுத்திருந்தவர்களில் ஒருவரின் காலைத் தொட்டார். அவர் எழுந்தார். இவர் அந்தச் சூட்டிலேயே போய்ப் படுத்தார். அக்காவும் மகளும் மேலே பலகைப் பரணில் படுப்பார்களாம்.

அக்கா முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து உட்கார்ந்தாள். எனக்கு ஒரு முக்காலி போட்டாள்.

“சத்தமா பேசாத. மூணு பேரு படுத்தா ரெண்டு பேருக்குத்தான் உள்ள இடம். எட்டு வருஷமா இப்படித்தான் ஓடுது.”

“மூச்சு முட்டாதாக்கா?”

“தூங்குறவனுக்குக் கொஞ்சம் காத்து போதும் பிள்ள. அஞ்சு பேரும் முழிச்சி அங்கயும் இங்கயும் நடந்தாத்தான் முட்டும். லீவு நாள்ல ஒருத்தனும் உள்ள இருக்கமாட்டான்.”

அவள் அதை எனக்குச் சுட்டிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. காய்ச்சலில் கண் பாதி மூடியிருந்தது. எனக்குத்தான் கதை ஞாபகம் வந்தது. இரண்டாம் அத்தியாயத்தில், ‘கலத்தில் மூன்று பாய்கள் இருந்தன, மூவர் படுத்தால் இருவர் வேலை செய்வார்கள்’ என்ற வரியை என் கையால் எழுதியிருக்கிறேன். அதைக் கட்டில், நாற்காலி என்பது போலச் சாமான் கணக்காக எடுத்துக்கொண்டேன். வீடு திரும்பும் வழியிலேயே போட்டுப் பார்த்தேன். தூங்குபவனுக்கு அரைப் பங்கு என்று வைத்தால், விழித்திருக்கும் இருவருக்கு இரண்டு, தூங்கும் மூவருக்கு ஒன்றரை. நாளைக்கு மூன்றரை. ஒன்பது நாளைக்கு முப்பத்தொன்றரை. தொட்டியில் முப்பத்தாறு. ஐந்து பேரும் வந்து சேர்ந்து, நாலரைப் பங்கு மிச்சம் இருக்கிறது. என் கணக்கில் யாருமே தூங்கவில்லை. இரண்டு அறையும் கூடமும் உள்ள வீட்டில் வளர்ந்தவளின் கணக்கு அது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆசிரியர் மாமாவிடம் போய், முடிவை மாற்ற வேண்டும் என்றேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

“இதப் பாரும்மா, கதை நன்னா முடிஞ்சாச்சு. இப்போ போய் அவ சாகலைன்னா யாரு ஒத்துப்பா?”

“கணக்கு தப்பு மாமா. நான் பண்ணின தப்பு.”

“கணக்கு யாருக்கும்மா வேணும்? செத்ததுனாலதான் அந்தக் கதைக்கே ஒரு கௌரவம்.”

அவரோடு வாதாடவில்லை. பட்டியலைப் பார்த்தேன். இதழ் பதினான்காவது வீட்டில் இருந்தது. அங்கே போய், அடுத்த வீட்டில் நானே கொடுத்துவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். திங்களன்று அக்கா வேலைக்கு வந்தாள், ஒரு சுற்று இளைத்திருந்தாள். சாப்பாட்டு வேளையில் இதழை அவள் முன்னால் வைத்தேன்.

“ஏன்க்கா அன்னிக்கே சொல்லலை? உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.”

“நீ சிவப்புல போட்டிருந்தியே.”

“சிவப்புன்னா? நான் தப்பாப் போட்டிருக்கக் கூடாதா?”

“பதினோரு வருசமா சிவப்பு விழுந்த கோட்ட அழிச்சிட்டு வேற கோடு போடுதேன். ஏன்னு ஒருத்தன்ட்டயும் கேட்டதில்ல. கை தன்னால அழிச்சிட்டுது.” பிறகு, இதழைத் திறக்காமலே தள்ளிவைத்தாள். “விடு. எல்லாரும் அழுது முடிச்சாச்சு. இனிமே எந்திரிச்சு வந்தா பேய்னு ஓடுவாளுவ.”

பட்டறைக்குக் கொடுத்தனுப்பிவிட்ட படத்தில் தவறு தெரிந்தால் அதற்கு ஒரு முறை உண்டு. மேல் மூலையில் ஒரு சிறு அட்டவணை போட்டு, என்ன மாறியது, தவறு யாருடையது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். போன பிரதிகளை எல்லாம் தேடிப் போய்ச் சரிசெய்ய வேண்டும். மிச்சமிருந்த வெற்றுத் தாளில் நான் அட்டவணை போட்டேன். ‘திருத்தம் ஒன்று. கடைசி அத்தியாயம், காற்றுக் கணக்கு. தூங்குபவரையும் விழித்திருப்பவரையும் ஒன்றாக எண்ணியது சரிபார்த்தவரின் பிழை. எழுதியவரின் கணக்கே சரி.’ கீழே என் முழுப்பெயரை எழுதி அக்கா பக்கம் திருப்பினேன்.

அவள் இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை கடைசி வாக்கியத்தை மட்டும். கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். “மை ஊத்துற பேனாவக் குடு,” என்றாள். பென்சில் இல்லாமல், ரப்பர் இல்லாமல், நேராக மையால், தன் எழுத்திலேயே எழுதினாள். பழைய முடிவு அவளுக்கு அப்படியே வரவில்லை. அழித்தது அழித்ததுதான். இதில் புதிதாக ஒரு வேலை நடந்திருந்தது. நான்கு ஆண்களில் கணக்குப் பார்க்கிறவன், நால்வருக்கே காற்று என்று நடுங்கிக்கொண்டு வந்து சொல்கிறான். இசக்கி தாளை வாங்கிப் பார்க்கிறாள். “தூங்குறவன் மூச்சையும் முழிச்சிருக்கவன் மூச்சையும் ஒண்ணா எண்ணியிருக்கியே, நீ தூங்கினதே இல்லையாவே?” என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். கலம் வந்து சேர்கிறது. இசக்கி படுக்கிறாள். கதவைத் தட்டுவதும் விரல் வைப்பதும் இல்லை. ‘மறுநாள் மத்தியானம் வரை அவளை யாரும் எழுப்பவில்லை’ என்று முடிந்தது.

படித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா என்னைப் பார்க்காமல் டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தாள். “தலையில தட்டினது வலிக்கோ?” என்றாள்.

ஆறு வீடுகள் அந்த முடிவைப் படித்தன. முன்பே படித்துவிட்ட பதினான்கில் எங்களுடையது போகப் பதின்மூன்று வீடுகளுக்கு நான் வேலை முடிந்த மாலைகளில் போனேன். நல்ல மழை. குடையும் பட்டியலும் வைத்துக்கொண்டு, இரண்டு இரண்டு வீடுகளாக. “இதைச் சொல்லவா மழையில வந்தே?” என்று ஒரு மாமி டவல் எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு வீட்டில், செத்தாலும் பிழைத்தாலும் அடுத்த மாதம் என்ன தொடர் என்று கேட்டார்கள். தாராவியில் ஒரு கடைக்காரர் வீட்டில், ஹிந்திப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண் எழுத்துக் கூட்டித்தான் தாய்க்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு நாளில் முடியவில்லை. பிரதி கை மாறிவிட்டது. “நாங்க கடைசி வரைக்கும் வரலையம்மா. தொட்டி வெடிச்சதோட நிக்கி. அதுக்கப்புறம் என்னாச்சு?” என்று அந்தத் தாய் கேட்டாள். அந்த ஒரு வீட்டில் மட்டும் நான் திருத்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதையைச் சொன்னேன். நான்கு வீடுகளில் ஆளில்லை. பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பிரதி இன்று இல்லை. இருபதாவது வீட்டுக்கும் இருபத்தொன்றாவது வீட்டுக்கும் நடுவில் எங்கோ நின்றுவிட்டது. இருவரும் மற்றவர் கையில்தான் என்கிறார்கள். பத்திரிகையும் அதோடு தளர்ந்து நின்றது. அக்கா இரண்டு வருடம் முன்பு வேலையை விட்டுவிட்டாள். வெள்ளைத் துணியில் கறுப்புக் கோட்டையே பார்த்துப் பார்த்து அவளுக்குக் கண் சரியில்லை. இப்போது மான்குர்த்தில் இருக்கிறார்கள். போன தடவை போனபோது, இன்னொரு நாவல் எழுதுங்களேன், நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றேன். “முதல்ல கொஞ்சம் தூங்கிக்கிடுதேன் பிள்ள,” என்றாள். நான் இப்போது சரிபார்ப்பவள். கட்டத்தில் என் கையெழுத்து விழுகிறது. சிவப்புப் போடும் முன் டிரேசரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கிறேன். அதனால் என் வேலை மற்றவர்களுடையதைவிட மெதுவாக நடக்கிறது என்று தலைமை டிராப்ட்ஸ்மேனுக்குக் குறை.

போன வாரம், நாள் முழுக்க நின்ற காலோடு, குர்லாவில் வண்டி மாறி, பெண்கள் பெட்டியில் ஏறினேன். உட்கார இடமில்லை. காய்கறிப் பையோடு ஜன்னலோரம் இருந்த ஒரு மாமி என்னையே பார்த்துவிட்டு, அந்தக் கையெழுத்துப் பத்திரிகை எழுதின பெண்தானே நீ என்றாள். பட்டியலில் மூன்றாவது வீடு. நான் போனபோது பூட்டியிருந்த வீடு.

“ஒரு கதை வந்துண்டிருந்ததே, மறக்கவே முடியலை. எங்காத்துல நாட்டுப்பெண்ணுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். நாலு பேரைக் காப்பாத்திட்டு, பாவம், கதவைத் திறந்துண்டு போயிட்டாளே!”

சயான் தாண்டியிருந்தது. அடுத்தது மாட்டுங்கா, என் ஸ்டேஷன். ஆமாம் மாமி என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். வீட்டில் காபி இருக்கும். கால் அப்படி வலித்தது. வண்டி நின்றது, கூட்டம் என்னை இடித்துக்கொண்டு இறங்கியது, ஏறியது.

“அவ போகலை மாமி,” என்றேன்.

“போகலையா? நான் படிச்சேனேடி!”

“கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கோ, சொல்றேன்.”

மாமி பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள். வண்டி மாட்டுங்காவை விட்டு நகர்ந்துவிட்டிருந்தது.